கிணற்று மோட்டார்ப் பெட்டியும் குறுக்கு மின்னோட்டமும்

சென்னிமலையைச் சூழ்ந்துள்ள மேட்டுக் காடுகளில் கிணறே பயிருக்கு ஆதாரம் என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முன்னாளில் இரண்டு எருதுகளைப் பூட்டி, விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை கவலை இறைத்து, கொங்கு நாட்டுக் குடியானவர்கள் தங்கள் தோட்டங்களைக் காத்து வந்தார்கள். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கி, அதன் சக்தி கோயமுத்தூர்ப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தது. 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் கோயமுத்தூரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். அதன் பின்னர் எருதின் வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. கவலைத் தடங்கள் புல் முளைத்துப் போயின.

மோட்டாரும் பம்பும் வாங்கும்போது நம்மவர்கள் காட்டும் ஜாக்கிரதை மெச்சத்தக்கது. எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை அடி ஆழம், மணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று நாலு கடை ஏறி விசாரிக்கிறார்கள். ஆனால் மோட்டார் கொட்டகையின் சுவரில் மாட்டப்படும் பெட்டியைப்பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்து மாட்டிவிடுகிறார்கள். மெயின் சுவிட்சு, ப்யூஸ் கட்டை, ஸ்டார்ட்டர், ரிலே ஆகிய யாவும் அடங்கிய அந்தப் பெட்டிக்கு முன்னேதான், மனிதன் ஒருவன் தினந்தோறும் ஈரக் கையோடும் ஈரக் காலோடும் போய் நிற்கிறான். ஆகையால் அதைப்பற்றி ஒரு கேள்வியாவது கேட்பது அவசியம். அக்கேள்வி யாதெனில், குறுக்குச் சுற்று ஏற்பட்டால் இந்தப் பெட்டி எவ்வளவு மின்னோட்டம்வரை தாங்கும் என்பதே.

குறுக்குச் சுற்று என்பது ஷார்ட் சர்க்யூட் என்று எல்லோரும் வழங்குவதே. மூன்று கம்பிகளில் வரும் மின்சாரம் மோட்டாரின் சுருள்களுக்குள் புகுந்து, அங்கே வேலை செய்து, அளவோடு ஓட வேண்டியது முறை. சுருளுக்குள் போகாமல் ஒரு கம்பியிலிருந்து மற்றொரு கம்பிக்கு நேரே பாய்ந்துவிட்டால் அதுவே குறுக்குச் சுற்று. கிணற்றுச் சுவரில் உராய்ந்து உறை தேய்ந்த கேபிளாலும், எலி கடித்த வயராலும், காண்டாக்டரின் இடுக்கில் புகுந்த பல்லியாலும், பெட்டிக்குள் புற்றுக் கட்டிய எறும்பாலும் இது நேரும். பத்திரிகைகள் எந்தத் தீ விபத்தையும் ‘மின்கசிவு’ என்று எழுதிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அது பொருத்தமன்று. கசிவு என்பது கம்பியிலிருந்து உலோக உடல் வழியாகவோ மனிதன் வழியாகவோ மண்ணுக்குச் சிறிது சிறிதாய் இறங்குவது. குறுக்குச் சுற்றோ கண நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்வது. இரண்டும் வெவ்வேறு ஆபத்துக்கள். இரண்டுக்கும் காப்பும் வெவ்வேறு.

இனி, எவ்வளவு மின்சாரம் பாயும் என்பதைப் பார்ப்போம். இங்கேதான் அநேகர் தவறு செய்கிறார்கள். ‘என்னுடையது 5 குதிரைச் சக்தி மோட்டார், சின்ன மோட்டாருக்குச் சின்னப் பெட்டி போதும்’ என்பது அவர்கள் எண்ணம். மோட்டார் நல்ல நிலையில் ஓடும்போது அந்த எண்ணம் சரியே. அது இழுப்பது சுமார் 8 ஆம்பியர்தான். ஆனால் குறுக்குச் சுற்று நேர்ந்த கணத்தில் மோட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. ஏரி மதகு வழியே வாய்க்காலில் வரும் தண்ணீரை மதகின் கண் அளக்கிறது. கரை உடைந்தால் வரும் வெள்ளத்தை அளப்பது மதகல்ல. ஏரியின் கொள்ளளவும், உடைப்பிலிருந்து நம் வயல் இருக்கும் தூரமுமே. அவ்வாறே குறுக்கு மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பவை, கம்பத்தில் ஏற்றியிருக்கும் டிரான்ஸ்பார்மரும் அதிலிருந்து நம் கொட்டகைக்கு வரும் கம்பியின் நீளமும் கனமுமேயாகும்.

கணக்கு கடினமானதன்று. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 433 வோல்ட்டில் கொடுக்கக்கூடிய முழு மின்னோட்டம் சுமார் 133 ஆம்பியர். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் தகட்டிலும் ‘இம்பிடன்ஸ்’ என்று ஒரு சதவிகிதம் பொறித்திருக்கும். இந்த அளவுள்ளவற்றுக்கு அது நூற்றுக்கு 4.5 என்பது வழக்கம். 133-ஐ 4.5-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 ஆம்பியர் வரும். டிரான்ஸ்பார்மரின் காலடியிலேயே மூன்று கம்பிகளும் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டால் பாயக்கூடியது இவ்வளவு. இதே கணக்கில் 25 கே.வி.ஏ.க்குச் சுமார் 740 ஆம்பியரும், 63 கே.வி.ஏ.க்குச் சுமார் 1,870 ஆம்பியரும், 250 கே.வி.ஏ.க்குச் சுமார் 7,400 ஆம்பியரும் கிடைக்கும்.

கம்பி நீள நீள இது குறைந்துகொண்டே போகும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய ஓர் ஓம் தடையுள்ள அலுமினியக் கம்பியில், மேற்சொன்ன 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் குறுக்குச் சுற்று நேர்ந்தால், பாய்வது 500 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரே டிரான்ஸ்பார்மரில், ஒரே கம்பெனியின் ஒரே பெட்டியை மாட்டிய இரண்டு தோட்டங்களில், ஒன்றில் ஆபத்து மற்றதைப்போல் ஆறு மடங்கு. அண்டைத் தோட்டக்காரர் பத்து வருஷமாய் வைத்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்பது நம் தோட்டத்துக்குச் சாட்சியாகாது.

பாய்ந்த மின்னோட்டம் பெட்டிக்குள் என்ன செய்யும்? அடுத்தடுத்து ஓடும் கம்பிகளைக் காந்த விசையால் ஒன்றையொன்று தள்ளச் செய்யும். இவ்விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறுவது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். உஷ்ணமும் அவ்விதமே. காண்டாக்டரின் வெள்ளி முனைகள் விசையால் கணநேரம் பிரிந்து, இடையே நெருப்பு வில் தோன்றி, உருகி, மறுபடி ஒட்டிக்கொள்ளும். அறுக்கும் சக்தி போதாத சுவிட்சு அல்லது ப்யூஸ் கட்டைக்குள் அந்த நெருப்பு அணையாமல் செம்பையே ஆவியாக்கும். ஆவி விரிவதற்கு இடமில்லாமையால் பெட்டியின் மூடியைத் தெறிக்க வைக்கும். இவ்வளவும் நிகழ ஒரு விநாடிகூட வேண்டாம். முன்னே நிற்பவனுடைய கண்ணும் முகமும் கையும் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

ஆகவே பெட்டிக்குள் இருக்கும் உறுப்புக்களை இரண்டு வகையாய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறுக்கு மின்னோட்டத்தை அறுத்து நிறுத்துவது ஒரு வகையின் கடமை. ப்யூஸும், எம்.சி.பி. எனப்படும் சிறு தானியங்கிச் சுவிட்சும், அதனிலும் பெரிய எம்.சி.சி.பி.யும் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்ற வகைக்கு அறுக்கும் கடமை இல்லை. முந்தியவை அறுத்து முடிக்கும்வரை உடையாமல் தாங்கியிருந்தால் போதும். காண்டாக்டர், ரிலே, கம்பி இணைக்கும் முனைகள், செம்புப் பட்டைகள் யாவும் இவ்வகையின.

முதல் வகைக்கு எண் பார்ப்பது சுலபம். எம்.சி.பி.யின் முகப்பில் ஒரு சிறு கட்டத்துக்குள் 6000 என்றோ 10000 என்றோ அச்சிட்டிருக்கும். அது எத்தனை ஆம்பியர்வரை அறுக்கும் என்பதற்கு அடையாளம். அதே முகப்பில் 16, 32 என்றிருப்பது சாதாரணமாய் ஓடவிடும் அளவு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. எம்.சி.சி.பி.யில் கிலோ ஆம்பியர் கணக்கில் குறித்திருக்கும்; ஒரு கிலோ ஆம்பியர் என்பது 1,000 ஆம்பியர். எச்.ஆர்.சி. ப்யூஸ் என்று கடைகளில் கிடைப்பது, பீங்கான் குழலுக்குள் வெள்ளி அல்லது செம்புப் பட்டையும் அதைச் சூழ மணலும் நிரப்பி மூடியது. அதில் 80 கிலோ ஆம்பியர் என்று பொறித்திருப்பதைக் காணலாம். பட்டை உருகியதும் மணலும் உருகிக் கண்ணாடியாகி நெருப்பை விழுங்கிவிடுகிறது. பெருத்த குறுக்கு மின்னோட்டம் உச்சத்தை எட்டுமுன்பே, விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள், இது அறுத்து முடித்துவிடும். பின்னேயுள்ள காண்டாக்டருக்கு இதைவிட நல்ல காவலன் கிடையாது. விலையும் அதிகமில்லை.

இரண்டாம் வகையின் எண் சற்று மறைந்திருக்கும். காண்டாக்டர் கம்பெனிகள் தரும் அட்டவணையில், இன்ன அளவு காண்டாக்டர், இன்ன ப்யூஸோடு சேர்ந்து, இத்தனை கிலோ ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். ‘சேர்ந்து’ என்ற அந்தச் சொல்லிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தாங்கும் அளவு காண்டாக்டருக்குத் தனியே உரியதன்று. குறித்த ப்யூஸும் அதுவுமாய்ச் சேர்ந்த ஜோடிக்கே உரியது. சர்வதேச விதியைத் தழுவிய இந்தியத் தரவிதியின்படி, 16 ஆம்பியர்வரை ஓடும் ஸ்டார்ட்டரை அதற்குரிய ப்யூஸோடு சேர்த்து 1,000 ஆம்பியரிலும், 16-க்கு மேல் 63 வரையுள்ளதை 3,000 ஆம்பியரிலும் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதற்கு மேல் தாங்குமென்று கம்பெனி சொன்னால் அந்த அளவிலும் சோதித்துக் காட்ட வேண்டும். ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க. 5 குதிரைச் சக்தி மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குக் கட்டாயச் சோதனை 1,000 ஆம்பியரில்தான். அதுவே 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் கீழேயே மாட்டப்பட்டால் எதிர்ப்படுவதோ 3,000 ஆம்பியர். சிறு மோட்டார்க்காரர்தான் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவர்.

சோதனையின் முடிவிலும் இரண்டு தரம் வைத்திருக்கிறார்கள். முதல் தரத்தில், ஆளுக்கு அபாயம் நேராமலிருந்தால் போதும். ஸ்டார்ட்டர் கெட்டுப்போனாலும் குற்றமில்லை. இரண்டாம் தரத்தில், முனைகள் லேசாய் ஒட்டிக்கொண்டால் பிரித்துவிட்டு அதையே மறுபடி உபயோகிக்கக் கூடியதாயிருக்க வேண்டும். பயிர் வாடுகிற பங்குனி சித்திரையில் ஸ்டார்ட்டர் கெட்டு நான்கு நாள் தண்ணீர் நின்றால் வரும் நஷ்டத்தை நினைப்பவர்கள் இரண்டாம் தரத்தைக் கேட்டு வாங்குவதே நலம்.

பெட்டி முழுவதற்கும் சேர்த்து ஓர் எண் எப்படி வரும்? சங்கிலியின் பலம் அதன் நலிந்த கண்ணியின் பலம். மின்சாரம் ஓடும் வழியிலுள்ள உறுப்புக்களில் எதன் தாங்கும் அளவு குறைவோ அதுவே பெட்டியின் அளவு. முன்னேயுள்ள ப்யூஸ் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று சோதனையால் நிரூபித்திருந்தால் மட்டும் அதை உயர்த்திச் சொல்லலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2005-ஆம் ஆண்டின் மின் விதித் தொகுப்பு முதற்கொண்டு, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றிலும் இந்த எண்ணைப் பொறிக்க வேண்டுமென்று ஏற்படுத்தியிருக்கிறார்கள். எண் குறிக்காத சிறு மோட்டார்க் காண்டாக்டருக்கு அங்கே 5,000 ஆம்பியர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றியுள்ள மற்ற உறுப்புக்கள் எவ்வளவு உயர்ந்தவையானாலும் பெட்டி அதற்கு மேல் மதிப்புப் பெறாது. நம் நாட்டிலும் நல்ல பெட்டி செய்பவர்கள் கேட்டால் எழுதிக் கொடுக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இவ்வளவு கணக்கையும் ஒரே நிமிஷத்தில் பாழாக்கும் வழக்கம் ஒன்றை இங்கே கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ப்யூஸ் போனதும் கடைக்குப் போகச் சோம்பி, பழைய வயரிலிருந்து நாலு இழைச் செம்புக் கம்பியை உருவி முறுக்கிக் கட்டிவிடுவது. ‘இனிமேல் போகவே போகாது’ என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். போகாதுதான். குறுக்குச் சுற்று நேர்ந்தால் ப்யூஸுக்குப் பதிலாய்க் காண்டாக்டர் போகும், கேபிள் போகும், கொட்டகையின் ஓலைக் கூரை போகும். பீங்கான் கட்டையில் கம்பி கட்டும் பழைய மாதிரிக்கு அறுக்கும் சக்தி சுபாவத்திலேயே குறைவு. டிரான்ஸ்பார்மருக்கு அருகிலுள்ள கொட்டகைகளில் அதை வைத்திருப்பதே உசிதமன்று. அதில் செம்பு முறுக்கையும் கட்டிவிட்டால் காண்டாக்டர் கம்பெனி கொடுத்த அட்டவணையைக் கிழித்துப் போட்டதற்குச் சமானம். ஏனெனில் அந்த அட்டவணையிலுள்ள ஜோடியில் ஒன்றை நாமே நீக்கிவிட்டோம்.

ஓவர்லோட் ரிலே இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று சிலர் கேட்கக்கூடும். அது மோட்டார் அதிக பாரத்தால் சூடேறுவதைப் பல விநாடிகளில் உணர்ந்து நிறுத்துவது. குறுக்குச் சுற்றுக்கு அது காவலன் அன்று. அதற்கே காவல் வேண்டும்.

இனி மிராசுதார்களும் கிராமாதிகாரிகளும் விசேஷமாய்க் கவனிக்க வேண்டிய சங்கதி. வோல்ட்டேஜ் போதவில்லை, மோட்டார் உறுமுகிறது என்று ஊரார் மனுக் கொடுத்து, மின்வாரியத்தார் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை இறக்கிவிட்டு 250 கே.வி.ஏ. ஏற்றினால், அன்று ஊரே மகிழ்கிறது. மகிழ வேண்டியதுதான். ஆனால் அதன் அருகிலுள்ள பெட்டிகளுக்கு வரக்கூடிய குறுக்கு மின்னோட்டம் 1,870 ஆம்பியரிலிருந்து 7,400 ஆம்பியராய், ஏறக்குறைய நான்கு மடங்காய் உயர்ந்துவிட்டது. விசை பதினாறு மடங்காய் ஏறிவிட்டது. பெட்டியை யாரும் தொடவில்லை; அதில் ஒரு திருகுகூட மாறவில்லை; ஆயினும் நேற்றுவரை போதுமாயிருந்த பெட்டி இன்று போதாததாகிவிட்டது. டிரான்ஸ்பார்மர் ஊரின் கடைக்கோடியிலிருந்து நம் தோட்டத்து வேலிக்கு மாற்றப்பட்டாலும் இதே கதைதான். ஆகவே மனுவில் கையொப்பமிடும் அன்றே, புது டிரான்ஸ்பார்மருக்கு நூறு மீட்டருக்குள் இருக்கும் கொட்டகைகள் எவை, அவற்றின் பெட்டிகளில் என்ன எண் என்று ஒரு ஜாபிதா எடுத்து வைப்பது நல்லது. ஒரே பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாய்ச் சிறியவை பலவற்றைப் பிரித்து வைத்தால், வோல்ட்டேஜும் சீராகும், ஒவ்வொரு கொட்டகையிலும் குறுக்கு மின்னோட்டமும் அடங்கியிருக்கும். இடவசதி இருக்கும் கிராமங்களில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தோட்டத்தோடு தறிக்கூடமோ, எண்ணெய் செக்கோ, மஞ்சள் மெருகேற்றும் யந்திரமோ வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு கணக்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் குறுக்குச் சுற்று நேர்ந்த முதல் கணத்தில் தாமே மின்சாரம் பிறப்பித்துத் திருப்பி அனுப்பும். தங்கள் முழு மின்னோட்டத்தைப்போல் நான்கைந்து மடங்கு என்று உத்தேசமாய் வைத்துக்கொள்ளலாம். 250 கே.வி.ஏ.யில் 200 ஆம்பியர் அளவுக்கு மோட்டார்கள் ஓடினால், 7,400-ஓடு சுமார் 1,000 சேர்ந்து 8,400 ஆகும். அங்கே 6000 என்று அச்சிட்ட எம்.சி.பி. உதவாது, 10000 என்றிருப்பதே வேண்டும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

லைனின் வால்முனையிலுள்ள தோட்டக்காரர்கள், நமக்குத்தான் ஆபத்துக் குறைவாயிற்றே என்று இருந்துவிடலாகாது. அவர்களுக்கு வேறு விதமான தொல்லை உண்டு. அங்கே குறுக்கு மின்னோட்டம் 300, 400 ஆம்பியராய்க் குறைந்துவிடுவதால், அவசியத்துக்கு மேல் பெரிய ப்யூஸ் போட்டிருந்தால் அது உடனே போகாது. கேபிள் பல விநாடிகள் எரிந்துகொண்டிருக்கும். அங்கே பெட்டியின் தாங்கும் அளவைவிட, ப்யூஸ் மோட்டாருக்குத் தக்க சரியான அளவில் இருப்பதே முக்கியம். கம்பி மண்ணைத் தொட்ட கசிவுக்கோ எந்த ப்யூஸும் உதவாது. எர்த் குழியின் தடை 10 ஓம் இருந்தால் 240 வோல்ட்டில் ஓடுவது 24 ஆம்பியரே. 32 ஆம்பியர் ப்யூஸ் அதைக் கண்டுகொள்ளாது. பெட்டியின் இரும்பு உடலிலோ மின்சாரம் ஏறி நிற்கும். அதற்குக் கசிவை உணர்ந்து அறுக்கும் சுவிட்சு தனியே வைக்க வேண்டும்.

ஊராட்சிகளின் குடிநீர் மோட்டார்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துப் பெட்டியைச் சொந்தக்காரர் தம் பொறுப்பில் திறக்கிறார். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பெட்டியையோ, சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் ஊர் விழிக்குமுன் தினமும் போய்ப் போடுகிறார். அப்பெட்டிகள் பெரும்பாலும் ஊர் நடுவில், டிரான்ஸ்பார்மருக்குச் சமீபத்திலேயே அமைந்திருக்கும். டெண்டர் விளம்பரத்தில் குதிரைச் சக்தியையும் வோல்ட்டையும் குறிப்பதோடு, ‘இவ்விடத்தில் ஏற்படக்கூடிய குறுக்கு மின்னோட்டம் இவ்வளவு, பெட்டி அதற்குக் குறையாமல் தாங்க வேண்டும், அளவு பெட்டியின் மேல் பொறிக்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது கிராமாதிகாரிகளின் கையில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் அளவையும் இம்பிடன்ஸ் சதவிகிதத்தையும் பிரிவு மின் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம்.

புதிதாய்ப் பெட்டி வாங்குகிறவர்கள், டிரான்ஸ்பார்மரின் கே.வி.ஏ.யையும் அது கொட்டகைக்கு எத்தனை மீட்டர் என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குப் போகவும். ஸ்டார்ட்டரும் ப்யூஸும் ஒரே அட்டவணைப்படி சேர்ந்தவையா என்று கேட்கவும். மாற்று ப்யூஸ் மூன்று கூடவே வாங்கி, கொட்டகையிலேயே ஈரம் படாத இடத்தில் வைத்துக்கொண்டால், செம்பு முறுக்குக்கு வேலை இராது. பெட்டியின் கேபிள் துவாரங்களை ரப்பர் வளையம் இட்டு அடைத்துவிட்டால் பல்லியும் எறும்பும் உள்ளே வரா.

ஒருமுறை குறுக்குச் சுற்று நேர்ந்து சுவிட்சு விழுந்த பின், காரணம் காணாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாகாது. எம்.சி.பி. பெரிய குறுக்கு மின்னோட்டத்தை ஓரிரு முறை அறுப்பதற்கே சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதன் உட்பாகம் சிறிது கருகுகிறது. கம்பத்திலுள்ள சப்ளையை நிறுத்தச் செய்து, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு கேபிளையும் மோட்டாரையும் மெக்கர் கருவியால் சோதித்து, காண்டாக்டரின் முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று திறந்து பார்த்த பின்னரே மறுபடி போட வேண்டும். அப்போதும் மூடியை மூடித் திருகிவிட்டு, பெட்டிக்கு நேர் எதிரே நில்லாமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போடவும்.